வரியில்லாத சேமிப்பு வட்டியில்லாத சேமிப்பாகுமா?

தமக்குப் பின்னே வலிமையற்ற சிறு பிள்ளைகளை விட்டுச் செல்ல நேர்ந்தால் அவர்கள் கதி என்னாகுமோ என்று ஒவ்வொரு தந்தையும் அஞ்சுகிறார். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்து ஒன்பதாம் வசனம் அந்த அச்சத்தைத் தொட்டே பேசுகிறது. தம் பிள்ளைகளுக்காக அஞ்சும் அதே நெஞ்சோடு பிறருடைய அனாதைகளின் விஷயத்திலும் இறைவனுக்கு அஞ்சி நடக்க வேண்டும் என்பது அதன் கருத்தாகும். குடும்பத்தின் எதிர்காலத்தைப் பற்றிய கவலையை இஸ்லாம் பழிக்கவில்லை. அதை ஈமானின் எல்லைக்குள் நிறுத்தி, தன் வீட்டு வாசலோடு முடிந்துவிடாமல் அண்டை வீட்டு யத்தீமையும் அணைத்துக்கொள்ளுமாறு விரித்துக் காட்டுகிறது.

நபித்தோழர் ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்றுக் கிடந்தார்கள். அப்போது தம் செல்வத்தின் பெரும்பகுதியைத் தர்மமாக எழுதிவைக்க விரும்பினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அனுமதிக்கவில்லை. அதுவே அதிகம் என்றும் கூறினார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதைவிட, தன்னிறைவோடு விட்டுச் செல்வதே சிறந்தது என்று அறிவுறுத்தினார்கள். எனவே, “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று கூறிக் கைகட்டி இருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதே தவக்குல்.

ஆனால், கட்டும் கயிறு எத்தகையது என்று பார்க்க வேண்டாமா? இன்று நம் குடும்பங்களின் முன் நிற்கும் கேள்வி இதுவே. “ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் சேருங்கள், ஆண்டுதோறும் கட்டும் பணத்துக்கும் வரிச் சலுகை, முடிவில் கிடைக்கும் தொகைக்கும் வரி இல்லை” என்று முகவர்கள் வீடு தேடி வந்து கூறுகிறார்கள். வரி இல்லை என்ற சொல், குற்றமும் இல்லை என்பது போலக் காதில் விழுந்துவிடுகிறது. அரசு ஒரு வருமானத்தில் பங்கு கேட்கவில்லை என்பது வேறு. அவ்வருமானம் ஹலாலானது என்பது வேறு. முன்னதைப் பாராளுமன்றம் முடிவு செய்கிறது. பின்னதை முடிவு செய்வது ஷரீஅத்.

பாலிசியின் உள்ளே இருப்பது என்ன?

1956ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், 245 தனியார் காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநிதிச் சங்கங்களையும் ஒன்றாக்கி, இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகமாகிய எல்.ஐ.சி. தோற்றுவிக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1884இல், அஞ்சல் துறை தன் ஊழியர்களுக்கென அஞ்சல் ஆயுள் காப்பீட்டைத் தொடங்கியிருந்தது. 1995 மார்ச் 24 முதல் கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு என்ற பெயரில் அது சிற்றூர் மக்களுக்கும் வந்தது. ஆகவே, பென்னாகரத்துக்கும் அரூருக்கும் அப்பாலுள்ள சின்னஞ்சிறு ஊர்களில்கூட, கிளை அஞ்சலகத்தின் வழியே பாலிசி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

நம் மக்கள் பெரும்பாலும் எடுப்பது ‘எண்டோமென்ட்’ எனப்படும் சேமிப்புப் பாலிசி. ஆண்டுக்கு 24,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் ஒருவர் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டிய முதல் 4,80,000 ரூபாய். முடிவில் போனஸ் சேர்ந்து 8,80,000 ரூபாய் கைக்கு வருகிறது எனில், மிகையாக வந்தது 4,00,000 ரூபாய். கூட்டு வட்டிக் கணக்கில் இது ஆண்டுக்குச் சுமார் ஐந்தரை விழுக்காடு. இடையில் அவர் மரணமடைந்தால், கட்டியது எவ்வளவு குறைவாயினும், ஒப்பந்தத்தில் குறித்த தொகை குடும்பத்துக்குக் கிடைக்கும்.

இதில் இரண்டு உடன்படிக்கைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, பணத்தைக் கொடுத்து அதிகப் பணம் பெறுவது. காப்பீட்டு நிறுவனத்தின் ஆயுள் நிதியில் பாதிக்குக் குறையாத பங்கை அரசுப் பத்திரங்களிலும் அவற்றைப் போன்று அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்களிலும் இட வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அப்பத்திரங்கள் தருவது வட்டியே. போனஸ் என்ற பெயரில் நம் கைக்கு வருவதன் பெரும்பகுதி அங்கிருந்தே ஊறுகிறது.

மற்றொன்று, மரணத்தின் மீது எழுதப்படும் உடன்படிக்கை. கட்டப்போகும் தவணைகள் எத்தனை, பெறப்போகும் தொகை எவ்வளவு என்பதை இரு தரப்பாரில் எவரும் அறியார். ஒருவர் மூன்று தவணை கட்டிப் பல லட்சம் பெறுவார். மற்றொருவர் ஓரிரு தவணைகளோடு நின்று கட்டியதையும் இழப்பார். நெடுங்காலமாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் கட்டாதவருக்கு எதுவும் திரும்பக் கிடைக்காத நிலை இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல், ஓராண்டுத் தவணை கட்டியவருக்கும் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்படி விதி திருத்தப்பட்டது. அநீதி சற்றுக் குறைந்தது, நிச்சயமின்மை நீங்கவில்லை. இந்த நிச்சயமின்மையையே ஃபிக்ஹு நூல்கள் ‘கரர்’ என்கின்றன. ‘மைசிர்’ எனும் சூதின் சாயலும் இதில் உண்டு.

மார்க்க மேதைகள் கூறுவது என்ன?

காப்பீடு பற்றிய விவாதம் நேற்றுத் தோன்றியதன்று. நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர், திமிஷ்கு நகரத்து இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் 1836இல் மறைந்தவர்கள். கப்பல் சரக்குகளுக்காக வணிகர்கள் செய்துவந்த காப்பீட்டைத் தம் ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் ஆராய்ந்து, அழிந்த சரக்குக்கு ஈடாக அத்தொகையைப் பெறுவது ஆகாது என்று தீர்ப்பளித்தார்கள்.

1978இல் மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹு சபை இதே கருத்துக்கு வந்தது. சிரியா தேசத்து அறிஞர் முஸ்தஃபா ஸர்கா அவர்கள் அச்சபையிலேயே மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தார்கள் என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிலையான தவணை வாங்கி நடத்தப்படும் வணிகக் காப்பீடு ஆகாது என்றது. நன்கொடையையும் பரஸ்பர உதவியையும் அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீடே அதற்கு மாற்று என்றும் முடிவு செய்தது.

நம் நாட்டு உலமாக்கள் நம் நாட்டின் நிலையையும் எண்ணிப் பார்த்தார்கள். 1965இல் லக்னோ நத்வத்துல் உலமாவின் ஆய்வு மன்றமும், பின்னர் இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் இதை ஆராய்ந்தன. கலவரங்களால் உயிருக்கும் உடைமைக்கும் அச்சம் சூழ்ந்த நிலையில், தேவையின் பொருட்டுக் காப்பீடு செய்துகொள்ள இடமுண்டு என்ற கருத்து அங்கே எழுந்தது. இது நிர்ப்பந்தத்துக்குத் தரப்பட்ட சலுகை. பசித்தவனுக்குத் திறந்த கதவு வழியே வயிறு நிறைந்தவன் நுழையலாகாது. வரியை மிச்சப்படுத்துவது நிர்ப்பந்தம் ஆகாது.

சட்டம் கட்டாயமாக்கியவை வேறு வகை. வாகனத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடும், அரசு ஊழியரின் சம்பளத்தில் அவர் விருப்பத்தைக் கேளாமலே பிடிக்கப்படும் குடும்பப் பாதுகாப்பு நிதியும் இத்தகையவை. இவற்றில் அவருக்குத் தேர்வு இல்லை. ஆகவே, தாமே விரும்பி எழுதிக்கொள்ளும் பாலிசியைப் போன்று இவற்றைக் கருதுவதற்கில்லை.

வரிச் சலுகையின் மெய்யான அளவு

மார்க்கத்தை ஒருபுறம் வைத்து, உலகக் கணக்கையே பார்ப்போம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80சி என்று பெயர்பெற்ற சலுகையின் உச்சவரம்பு ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். அதுவும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்போருக்கு மட்டுமே உரியது. 2023-24 நிதியாண்டு முதல், எதுவும் எழுதித் தராதவர் புதிய வரி முறையில் அடங்குகிறார். அதில் இச்சலுகை கிடையாது. 2025-26 நிதியாண்டிலோ, புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி கிடைத்து வரியே இல்லை என்றாகிவிட்டது. முதிர்வுத் தொகைக்கும் வரம்பில்லா விலக்கு இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் எடுத்த பாலிசிகளில் ஆண்டுத் தவணை மொத்தம் 5 லட்சத்தைக் கடந்தால், முதிர்வில் வரும் ஆதாயத்துக்கு வரி உண்டு.

பாலக்கோட்டில் தக்காளி பயிரிடும் உழவரின் விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி ஏற்கெனவே இல்லை. தர்மபுரி கடைவீதியில் சிறுகடை வைத்திருப்பவருக்கும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வரும் கொத்தனாருக்கும் வரிகட்டும் அளவுக்கு வருமானம் இல்லை. இல்லாத வரியிலிருந்து கிடைக்கும் விலக்குக்காக இவர்கள் 20 ஆண்டுகள் பணத்தை முடக்குவதில் என்ன பொருள் இருக்கிறது? தீனும் கிடைக்கவில்லை, துன்யாவும் கிடைக்கவில்லை என்ற நிலையே மிஞ்சும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. வரியில்லை என்ற பெயரை நம்பி ஏமாறுவது போலவே, ஹலால் என்ற பெயரை நம்பியும் நம்மவர் ஏமாந்திருக்கிறார்கள். பெங்களூரில் ஹலால் இலாபம் தருவதாகக் கூறிப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தது. பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் மகளின் திருமணத்துக்கென்று வைத்திருந்ததையும் இழந்து தெருவில் நின்றன. மாதந்தோறும் இவ்வளவு இலாபம் நிச்சயம் என்று எவரேனும் கூறினால், அது மெய்யான வணிகம் அன்று என்று அங்கேயே விலகிக்கொள்ள வேண்டும். இலாபத்திலும் நட்டத்திலும் பங்கு கொள்வதே நம் முன்னோர் நடத்திய முளாரபா வணிகம்.

நாமினியும் வாரிசும்

இனி, நம் குடும்பங்கள் பலவற்றில் கவனிக்கப்படாத ஓர் ஆபத்துக்கு வருவோம். பாலிசியில் ‘நாமினி’ என்று ஒரு பெயரை எழுதுகிறோம். அப்பெயருக்கு உரியவரே பணம் முழுவதுக்கும் சொந்தக்காரர் என்று எண்ணிவிடுகிறோம். ஷரீஅத்தின்படி நாமினி என்பவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் ஒப்படைக்கும் அமானிதக்காரர் மட்டுமே. உச்சநீதிமன்றமும் 1983 டிசம்பரில் சர்பதி தேவி வழக்கில், நாமினி பணத்தைப் பெறும் கையே அன்றி உரிமையாளர் அல்லர் என்றே தீர்ப்பளித்தது. ஆனால், 2015இல் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு திருத்தப்பட்டது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவர் நாமினியாக இருந்தால், தொகையின் பயன் அவருக்கே உரியது என்று அத்திருத்தம் கூறுகிறது. இதன் பொருள் குறித்து உயர் நீதிமன்றங்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

சட்டம் எப்படிப் போனாலும், மறுமையின் நீதிமன்றத்தில் கருத்து வேறுபாடு இல்லை. மேலே கூறிய எடுத்துக்காட்டில், கட்டிய முதலாகிய 4,80,000 ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்வோம். இறந்தவருக்குத் தாய், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். அடக்கச் செலவு, மனைவிக்குத் தராமல் நின்ற மஹர் உள்ளிட்ட கடன்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத் ஆகியவை தீர்ந்த பின்னும் அத்தொகை அப்படியே எஞ்சுகிறது என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 60,000 ரூபாய். தாய்க்கு ஆறில் ஒன்று, 80,000 ரூபாய். மீதி 3,40,000 ரூபாயில் மகனுக்கு 1,70,000. மகள்களுக்குத் தலைக்கு 85,000.

நாமினி பெயர் மகனுடையது என்பதற்காக அவனே முழுவதையும் வைத்துக்கொண்டால், பாட்டியின் 80,000 ரூபாயும் தாயின் 60,000 ரூபாயும் சகோதரிகளின் 1,70,000 ரூபாயும் அவன் வயிற்றில் நெருப்பாகும். “அக்காவுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டோமே” என்ற வாதம் அல்லாஹ் வகுத்த பாகத்தை அழிக்க வல்லதன்று. பாலிசியோ, வங்கிக் கணக்கோ, அஞ்சலகச் சேமிப்போ, எதில் நாமினி எழுதியிருந்தாலும், பணம் யார் யாருக்கு எந்த அளவில் சேர வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு வீட்டில் வைப்பது அறிவுடைமை.

ஏற்கெனவே பாலிசி வைத்திருப்போர்

அறியாமல் சேர்ந்துவிட்டவர்கள் மனம் கலங்க வேண்டியதில்லை. திரும்புவதற்கு வழிகள் உண்டு. புதிதாகப் பாலிசி எடுத்தவர், பத்திரம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து, சிறு பிடித்தம் போக மீதியைப் பெறலாம். பல ஆண்டுகள் கட்டியவர் பாலிசியைச் சரண்டர் செய்யலாம். அல்லது மேலும் கட்டாமல் ‘பெய்டு-அப்’ நிலையில் நிறுத்திவைக்கலாம். உடனே முறித்தால் முதலிலேயே பெருநட்டம் வரும் நிலையில் இருப்போர், பத்திரத்தோடு தம் ஊர் ஆலிமிடம் சென்று தம் நிலையைச் சொல்லித் தீர்வு காண்பது நலம்.

பணம் வரும்போது, கட்டிய முதல் உரியவருக்கு ஹலாலானது. மிகையாக வந்ததை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதைக் கொண்டு பள்ளிவாசலுக்கு மினாரா கட்டுவது முறையன்று. மரணத்துக்குப் பின் பெருந்தொகையைப் பெற்ற விதவையே வறியவராக இருந்தால், அந்த மிகைக்குத் தகுதியுடைய ஏழை அவரே என்றும் உலமாக்கள் விளக்குகின்றனர். அவரைக் குற்றவாளியைப் போலப் பார்ப்பது ஜமாஅத்துக்கு அழகன்று.

வங்கிக் கணக்கு வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனிக்கட்டும். 2015இல் தொடங்கிய பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்துக்கு, 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு 436 ரூபாய் கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படுகிறது. என்றோ போட்ட கையொப்பத்தின் பேரில் பிடித்தம் நடந்துகொண்டிருக்கலாம். பாஸ்புத்தகத்தைப் பார்த்து, தெரிந்தே முடிவு செய்யுங்கள்.

மஹல்லாவின் கடமை

பாலிசி கூடாது என்று மிம்பரிலிருந்து சொல்வது எளிது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து ஓட்டுநர் ஒருவர் மாண்டால், அடுத்த மாதம் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று கேட்பவருக்கு மறுமொழி சொல்வதே கடினம். அந்த மறுமொழியை ஆயத்தமாக வைத்திராத ஜமாஅத்துக்கு, முகவரைக் குறைகூறும் தகுதி குறைவே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அஷ்அரீ குலத்தாரைப் புகழ்ந்தார்கள். போர்க்காலத்தில் உணவு குறைந்தாலும், ஊரில் பஞ்சம் வந்தாலும், அவர்கள் தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்தார்கள். முஃதா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு பணித்தார்கள். உலகின் பல நாடுகளில் இன்று நடைபெறும் ‘தகாஃபுல்’ இந்த வேரிலிருந்து கிளைத்ததே. 1979இல் சூடானிலும், 1984இல் தனிச் சட்டத்தோடு மலேசியாவிலும் அது தொடங்கியது. நம் அண்டை நாடாகிய இலங்கையில் 1999இல் அமானா தகாஃபுல் நிறுவப்பட்டது.

நம் மஹல்லாவில் என்ன செய்யலாம்? 300 வீடுகள் உள்ள ஜமாஅத்தில், வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் தர்மமாகப் பெற்றால் மாதத்துக்கு 15,000 ரூபாய். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். உழைப்பாளியை இழந்த ஒரு குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகள் கொடுக்க இத்தொகை போதுமானது. வட்டி சேராத நடப்புக் கணக்கில் பணத்தை வைத்து, வரவு செலவை ஆண்டுதோறும் ஜமாஅத்தாரின் முன் படிக்க வேண்டும். இவ்வளவு கொடுத்தவருக்கு இவ்வளவு நிச்சயம் என்று மட்டும் எழுதித் தரலாகாது. அவ்வாறு எழுதினால் ஷரீஅத்தில் அது பழைய வணிகமாகவே மாறிவிடும். நாட்டுச் சட்டத்திலோ உரிமமின்றிக் காப்பீடு நடத்திய குற்றமாகும். தர்மம் தர்மமாகவே இருக்கட்டும்.

இதோடு, கட்டடத் தொழிலாளர், ஓட்டுநர் போன்றோருக்குத் தமிழக அரசு அமைத்துள்ள நல வாரியங்களில் உறுப்பினராகப் பதிவு செய்தவர் மரணமடைந்தால், குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. உலமாக்களுக்கும் பள்ளிவாசல் பணியாளர்களுக்கும் 2009இல் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. மாவட்டந்தோறும் உள்ள முஸ்லிம் மகளிர் உதவும் சங்கமும் விதவைகளுக்குக் கைகொடுக்கிறது. இவற்றில் போனஸும் இல்லை, முதிர்வுத் தொகையும் இல்லை. அரசு தன் குடிகளுக்குச் செய்யும் உதவியே இருக்கிறது. பதிவு செய்யாமலும் புதுப்பிக்காமலும் நம்மவர் இழப்பதே மிகுதி. படித்த இளைஞர் இருவர் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து மனு எழுதிக் கொடுத்தாலே எத்தனையோ குடும்பங்கள் பயன்பெறும்.

தன் பிள்ளைகளைப் பற்றிய அச்சம் உள்ளவர், இன்று ஊரில் உள்ள அனாதையின் தலையைத் தடவட்டும். நாளை அவர் பிள்ளைகளின் தலையைத் தடவும் கைகளை அதுவே உண்டாக்கும். நம் உழைப்பை ஹலாலாகவும், நம் சேமிப்பைத் தூயதாகவும், நம் மஹல்லாக்களை அனாதைகளுக்கு அரணாகவும் எல்லாம் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.